முன் சீட்டில் ஒரு மூட்டை வெங்காயம்

ஒரு காரின் சத்தத்தைக் கேட்பதற்காகக் கடல் தாண்டிப் போய் வந்தேன் என்றால் திருச்சியில் யாரும் நம்புவதில்லை. "யாழ்ப்பாணம் போனியா? கோயில் பார்த்தியா, கடல் பார்த்தியா?" என்று கேட்கிறார்கள். பார்த்தேன், போகிற வழியில். போனது சத்தம் கேட்கத்தான்.

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. ஓட்டுகிறவருக்கு இடப்பக்கத்தில், காலடியில் தனி பிரேக் வைத்த சீட்டில் உட்கார்ந்தே என் ஆயுளில் பாதி போய்விட்டது. அங்கிருந்து கேட்டுக் கேட்டுக் காது கொஞ்சம் தேறியிருக்கிறது. அதைவிட வாய்தான் அதிகம் தேறியிருக்கிறது என்பார் என் கணவர்.

சுகந்தி கல்லூரியில் என் பக்கத்து இருக்கைக்காரி. சண்டைக் காலத்தில் அவள் குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டுத் திருச்சிக்கு வந்திருந்தது. பிறகு திரும்பிப் போனார்கள். அவள் உடுவிலில் கல்யாணம் கட்டிக் குடியிருக்கிறாள். கணவர் குகநேசன், கணக்கு டியூஷன் வாத்தியார். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், திங்களும் வியாழனும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். அவரைக் கூட்டிப் போவதற்காகவே, அதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டிராத சுகந்தி ஓட்டப் பழகினாள். கிளட்ச் சந்தேகங்களை எல்லாம் என்னிடம் போனில்தான் கேட்டாள்.

அப்படி ஒரு போனில்தான் இதைச் சொன்னாள். "கார் முன்பக்கத்தாலை ஒருமாதிரி முனகுது, கலா. கராச்சிலை ஒண்டும் இல்லை எண்டுறாங்கள்."

கராச் என்றால் அங்கே மெக்கானிக் கடை. ஓட்டும்போது பதிவு செய்து அனுப்பு என்றேன். அனுப்பினாள். காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். காற்று, ஒரு காகம், சுகந்தியின் மூச்சு. அவ்வளவுதான். முனகலே இல்லையேடி என்றேன். "நீ ஒருக்கா வந்து கேளன்" என்றாள். அந்தக் குரலில் காரைவிடப் பெரிய ஏதோ இருந்தது. டிரைவிங் பள்ளிக்கு ஒரு வாரம் பூட்டுப் போட்டேன்.

சனிக்கிழமை இருவருமே விமான நிலையத்துக்கு வந்திருந்தார்கள். குகநேசன் காரைப் பிடித்தபடி நின்றார். கல்யாணப் படத்தில் பார்த்த ஆளில் பாதிதான் மிச்சம். "வாங்கோ தங்கச்சி. இவ்வளவு தூரம் வந்து ஒரு நோயாளியையும் ஒரு பழைய காரையும் பாக்கிறியள்" என்று சிரித்தார். அவர் முன்னால் ஏறிக்கொண்டார். நான் பெட்டியோடு பின்னால்.

முதலில் எனக்குப் பிடிபட்டது அந்த ஊரின் அமைதி. எங்கள் ஊரில் காரின் சத்தம் காருக்கே கேட்காது. ஹாரன் அத்தனையையும் விழுங்கிவிடும். இங்கே சைக்கிளில் போகிறவர் இருமினால் கேட்கிறது. இருபுறமும் செம்மண், வாழை, வெங்காயப் பாத்தி. எதிரே வந்த பஸ்ஸில் மட்டும் ஏதோ சினிமாப் பாட்டு ஊரையே கூப்பிட்டுக்கொண்டு போனது.

உடுவிலுக்குள் நுழைந்தபின் ஒரு வைரவர் கோயில் வருகிறது. அந்த இடத்தில் சாலை இடப்பக்கம் நீளமாக வளைகிறது. அதில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்து வலப்பக்கம் ஒரு சின்னத் திருப்பம். அங்கேதான் கேட்டேன். காரின் முன்பக்கத்திலிருந்து, அடித்தொண்டையில், கனமானதைத் தூக்குகிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு விடுவதைப் போல ஒரு முனகல். நேரானதும் அடங்கிவிட்டது.

"இதானா? இது டயர்டி. ஒரு பக்கமா தேஞ்சிருக்கும்" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

குகநேசன் கையை நீட்டி ரேடியோவைப் போட்டார். சுகந்தி, "அங்கை பார் கலா, எங்கடை பக்கத்துக் காணி வெங்காயம், இப்பத்தான் கிண்டினவை" என்றாள். சரி, புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை, நான் நடுவில் வந்து மாட்டிக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாடு குரக்கன் என்கிற கேழ்வரகுப் புட்டு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். எங்கள் ஊர்க் குழம்புக்குப் புளி தூக்கல் என்றால் இவர்களுக்கு உறைப்பு தூக்கல். கண்ணில் தண்ணீர் வந்தும் கை நிற்கவில்லை. குகநேசனுக்குத் தனிச் சமையல். காய்களை நறுக்கி ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்துக் கொட்டி, சத்தும் சுவையும் போனபிறகு தட்டில் விழுகிறது. குடிக்கிற தண்ணீருக்கு ஒரு சின்ன டம்ளர். நான் இரண்டாவது செம்பைக் கவிழ்த்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். செம்பைக் கீழே வைத்தேன். "குடியுங்கோ தங்கச்சி, நான் பாத்துக் குடிக்கிறன்" என்றார்.

அவர் படுத்தபின் அடுப்படியில் சுகந்தி என் கையைப் பிடித்தாள். "அவருக்கு முன்னாலை அந்தச் சத்தத்தைப் பற்றிக் கதையாதை."

"சத்தத்துக்குத்தானேடி என்னைக் கூப்பிட்ட?"

"ஓம். கதையாதை. கண்டுபிடி." பிறகு குரலை இறக்கினாள். "போன வியாழன் அவர் ஆஸ்பத்திரிக்கு வரேல்லை, கலா. களைப்பு எண்டு படுத்திட்டார். டொக்டர் போன் எடுத்துப் பேசினவர். இன்னொருக்கா விட்டால் நெஞ்சுக்குள்ளை தண்ணி ஏறிப்போகுமாம். திங்கள் அவர் வரவேணும். எப்பிடியும் வரவேணும்."

ஏன் வரவில்லை என்று கேட்டேன். சட்டியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இடியப்பம், சொதி. தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்ட அந்தச் சொதியை நான் கிண்ணத்தோடு குடித்துவிட்டு, சாவியைக் கொடு, நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். சுகந்தி பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். என் டிரைவிங்கில் அவ்வளவு பயமா என்று கிண்டல் செய்தேன். சிரித்தாளே தவிர முன்னால் வரவில்லை. ஊரைச் சுற்றினேன். வைரவர் கோயில் பக்கம் போகவும் வரவும் வேகமாக வளைத்தேன். நல்ல பிள்ளையாக ஓடியது கார். கதவு தட்டவில்லை, பிரேக் கீச்சிடவில்லை, முனகல் மருந்துக்கும் இல்லை. நேற்று நான் கேட்டதே பிரமையோ என்று சந்தேகம் வந்துவிட்டது. எனக்குக் கோபமும் வந்தது. நோயாளி வீட்டில் கோபப்படக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாலையில் மீன் வாங்கச் சுன்னாகம் போகவேண்டும் என்றாள். இந்த முறை அவள் ஓட்டுகிறாள். நான் பழக்கதோஷத்தில் முன்னால் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டேன். என் பாதி ஆயுள் போன சீட் அல்லவா. கால்கூடத் தானாகப் பிரேக்கைத் தேடியது. சுகந்தி சாவியைத் திருகாமல் என்னையே பார்த்தாள். "என்னடி?" என்றேன். "ஒண்டுமில்லை" என்றாள்.

சின்னத் திருப்பம் தாண்டி, வைரவர் கோயில் வந்தது. போகும்போது அந்த நீள வளைவு வலப்பக்கம். நடு வளைவில் கார் முனகியது. நேற்றைய அதே முனகல், இப்போது வெகு கிட்டத்தில்.

சுகந்தி சாலையோரத்தில் மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டாள். இன்ஜினை அணைத்தாள்.

"உனக்கும் கேட்டதோ?"

"கேக்காம? ஏன் நிறுத்திட்ட?"

அவள் அழ ஆரம்பித்தாள். துக்கத்தில் அழுகிற அழுகையாக அது இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோயில் வாசலில் பூ வைத்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, கார் பழுதே?" என்று கேட்டார். "இல்லை அண்ணை, நல்லா இருக்கு" என்று அழுதுகொண்டே சொன்னாள். அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அப்புறம்தான் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அந்த முன் சீட் குகநேசனுடையது. வேறு யாரும் அதில் உட்கார்வதில்லை. சட்டம் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் இருக்கிற இடம் என்று உறவுக்காரர்கள், அயலவர்கள் எல்லாரும் தானாகப் பின்னால் ஏறுவார்கள். அவர் இல்லாத நாளிலும் அப்படித்தான். ஆகவே அவர் ஏறினால் கார் முனகும். அவர் இல்லாவிட்டால் முனகாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது முனகும். திரும்பும்போது அவர் களைத்துப்போய்ப் பின் சீட்டில் படுத்துக்கொள்வார், அப்போது முனகாது. ஒரு நாள் கூட வந்த அவருடைய அக்கா பின்னாலிருந்து சொல்லிவிட்டார்: "தம்பி ஏறினால்தான் உது முனகுது. எனக்கெண்டால் நல்லதாப் படேல்லை."

"அண்டையிலை இருந்து சத்தம் வந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்ளுவார். நான் கேக்காத மாதிரி இருப்பன். அவரும் கேக்காத மாதிரி இருப்பார்." மூக்கை உறிஞ்சினாள். "போன வியாழன் வெளிக்கிடுங்கோ எண்டன். சேட்டுக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டு நிண்டவர், 'சுகந்தி, காருக்கே தெரிஞ்சுபோச்சு' எண்டார். சேட்டைக் கழட்டிப்போட்டுப் படுத்திட்டார்."

"அவர் ஏறினாத்தான் வருதுன்னு மெக்கானிக்கிட்ட சொல்லவேண்டியதுதானே? அதுதானேடி முக்கியமான துப்பு!"

"எப்பிடிச் சொல்லுறது? என்ரை மனுசன் ஏறினால் கார் முனகுது எண்டு என்ரை வாயாலை சொல்லுறதோ? சொன்னால் மெய்யாப் போயிடும்."

போனில் எனக்குக்கூடச் சொல்லவில்லை. பதிவு செய்ததும் தனியாக ஓட்டித்தான். அதனால்தான் அதில் காகம் மட்டும் இருந்தது. ஊரெல்லாம் மெக்கானிக்கைக் குறை சொன்னது. நோய் எங்கே என்று தெரிந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டு கராச்சின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்றைக்கு மீன் வாங்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்து குகநேசனின் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கதைக்காதே என்று சொன்னவளே இப்போது கதவருகில் நின்று கண்ணால் சொல்லு சொல்லு என்றாள்.

"அண்ணா, நான் உங்க சீட்ல உக்காந்தேன். கார் முனகுச்சு. காருக்கு உங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதுக்கு எடை மட்டும்தான் தெரியும்."

அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்காகச் சொல்லுறியள்" என்றார்.

"நான் பொய் சொல்றதா இருந்தா விமானம் ஏறாம திருச்சியிலேர்ந்தே சொல்லியிருப்பேன்."

உதட்டோரம் அசைந்தது. "கணக்குப் படிப்பிக்கிறவன் உதுகளை நம்பலாமோ எண்டு நானும் யோசிச்சனான். நிண்டுகொண்டு இருக்கிறவனுக்குத்தான் கணக்கு வரும், தங்கச்சி. படுத்திருக்கிறவனுக்கு வேறை யோசினைதான் வரும்." சற்று எழுந்து தலையணையில் சாய்ந்தார். "ஒருக்கா நடந்தது ஆதாரம் இல்லை. நீங்கள் என்னைவிட நிறை கூட."

என் உடம்பைப் பற்றிச் சொல்லப்பட்ட எதற்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. வாத்தியார் எழுந்துவிட்டார்.

பக்கத்துக் காணிக்காரர் வெங்காயம் நிறுக்கிற தராசு வைத்திருந்தார். திங்கள் காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு முன்னால், குகநேசன் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நடந்து போய் அதில் ஏறி நின்றார். பிறகு ஒரு மூட்டை வெங்காயத்தை அதில் வைக்கச் சொல்லி, கொஞ்சம் போடச் சொன்னார், கொஞ்சம் எடுக்கச் சொன்னார், ஒரு கைப்பிடியைத் திரும்பப் போடச் சொன்னார். முள் தம் எடையில் வந்து நின்றதும் "சரி. இது நான்" என்றார். காணிக்காரர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூட்டையின் வாயைக் கட்டிக் கொடுத்தார்.

நிபந்தனைகளையும் அவரே போட்டார். தாம் காருக்குள் இருக்கக்கூடாது. இருந்தால் ஆதாரம் கெட்டுவிடும். முதலில் சீட் வெறுமையாக ஒரு ஓட்டம், பிறகு மூட்டையோடு ஒரு ஓட்டம். இரண்டுக்கும் ஒரே வேகம். கண்ணாடி மூடியிருக்க வேண்டும். போனை முன் சீட்டின் காலடியில் வைத்து இணைப்பிலேயே விடவேண்டும். அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு மற்றப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். நான் பின்னால் உட்கார்ந்து சாட்சி.

வெறும் சீட்டோடு வைரவர் கோயில் வளைவில் போனோம். டயர் தாரில் ஓடுகிற சத்தம் மட்டும். போனில் அவர் குரல், "ம்." திரும்பி வந்து மூட்டையை ஏற்றினோம். சுகந்தி அதற்கு பெல்ட் மாட்டினாள். மாட்டிய பிறகு, அவருக்குச் செய்கிற வழக்கத்தில், பெல்ட் முறுகாமல் நீவியும் விட்டாள்.

வளைவு வந்தது. கார் முனகியது. நேற்று எனக்கு முனகியதைப் போலவே, அதற்குமுன் அவருக்கு முனகியதைப் போலவே, ஒரு மூட்டைச் சின்ன வெங்காயத்துக்காக முழு வளைவுக்கும் முனகியது.

போனில் சத்தமே இல்லை. "அண்ணா? கேட்டுச்சா?" என்று கத்தினேன். சுகந்திக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் அவர் இருமுகிறார் என்று நினைத்தோம். இருமல் இல்லை. மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துவிட்டு, "வெங்காயத்துக்கும் காலம் கிட்டீற்றுதுபோலை" என்றார். "கெதியா வாங்கோ. ஆஸ்பத்திரிக்கு நேரமாகுது."

அன்று அவர் முன்னால்தான் உட்கார்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். மெதுவாகப் போனால் ஆபத்தில்லை என்று நான் சொன்னேன். ஆனால் உள்ளே நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். மருதனார்மடம், இணுவில், கொக்குவில் என்று வலப்பக்கம் வளைந்த இடத்திலெல்லாம் கார் முனகியது. ஒவ்வொரு முறையும் அவர், "ஓமோம், விளங்குது, விளங்குது" என்று அதற்குச் சமாதானம் சொன்னார்.

அவரை மெஷினில் விட்டுவிட்டு நாங்கள் காரைப் பார்க்கிற மெக்கானிக் ஜெராட்டின் கராச்சுக்குப் போனோம். ஜெராட் குருநகர்ப் பையன். அண்ணன் தம்பியெல்லாம் கடலுக்குப் போகிறவர்கள், இவருக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளாமல் கரையில் கார்களோடு நின்றுவிட்டார். சுகந்தியைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பால் விடாத பிளேன்ரீ சொல்லி அனுப்பினார். "நான் எத்தினை தரம் ஓடிப் பாத்தனான் அக்கா, ஒண்டும் கேக்கேல்லை."

"தனியா ஓடினீங்களா?" என்றேன்.

"ஓம். தனியத்தான்."

"இவளைப் பக்கத்துல உக்கார வச்சு ஓடியிருந்தா அன்னைக்கே கேட்டிருக்கும்."

ஜெராட் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அக்காவை முன்னுக்கு ஏத்திக்கொண்டு நான் ரவுணுக்குள்ளை ஓடினால் சனம் என்ன கதைக்கும்? பொம்பிளையள் வந்தால் நாற்காலியிலை இருத்திப்போட்டு நாங்கள்தான் ஓடிப் பாக்கிறனாங்கள்." அதுவும் நியாயம்தான். மரியாதை தெரிந்த ஒரு மெக்கானிக்கும், வாய்விட்டுச் சொல்லாத ஒரு மனைவியும். இரண்டு நல்ல மனிதர்கள் சேர்ந்து ஒரு சத்தத்தை இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தார்கள்.

இந்த முறை நான் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். எனக்கு ஊரும் இல்லை, ஊர்வாயும் இல்லை. முதல் வளைவிலேயே அவர் முகம் மாறிவிட்டது. "பேரிங்" என்றார். வலப்பக்கச் சக்கரத்தில்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். பின்னாலிருந்தபோது எனக்கு அங்கிருந்துதான் கேட்டது. அவர் மறுக்கவில்லை. கராச்சில் முதலில் வலப்பக்கத்தைத்தான் ஜாக்கியில் தூக்கிக் காட்டினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் சத்தமில்லாமல் சுழன்றது. பிறகு இடப்பக்கம். மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது லேசாகக் கிளுக்கென்றது. ஒரு கையால் சக்கரத்துக்கு மேலிருந்த ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்ற என்னைச் சொன்னார். உள்ளே மணலை அரைக்கிற மாதிரி விரல்களில் ஏறியது. டயர் என்றேன், தப்பு. வலப்பக்கம் என்றேன், அதுவும் தப்பு. என் தேறிய காதின் லட்சணம் இது.

விஷயம் எளிது. வலப்பக்கம் வளைந்தால் காரின் பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் போய் உட்காரும். அதன் மேலேயே ஓர் ஆளும் இருந்தால், தேய ஆரம்பித்த பேரிங் தாங்காமல் முனகும். ஆள் இறங்கினால் பொறுத்துக்கொள்ளும். இன்னும் கொஞ்ச நாளில் யார் ஏறாவிட்டாலும் முனகியிருக்கும்.

சாமானுக்குச் சொல்லிவிட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வடையும் தேநீரும் சாப்பிட்டோம். பக்கத்து மேசையில் நயினாதீவு விகாரைக்குப் போகிற சிங்களக் குடும்பம் ஒன்று. கணவன் ஏதோ கேட்க, மனைவி எங்களைக் காட்டி ஏதோ சொன்னாள். என்னவாம் என்று சிங்களம் தெரிந்த சுகந்தியைக் கேட்டேன். "அந்த ரெண்டு பொம்பிளையளும் ஏன் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்கொண்டே இருக்கினம் எண்டு அவர் கேக்கிறார். வடை நல்லா இருக்குமாக்கும், நாங்களும் எடுப்பம் எண்டு அவ சொல்லுறா" என்றாள்.

புதன்கிழமை ஜெராட் பேரிங்கை மாற்றிவிட்டார். கழற்றிய பழையதை நான் கேட்டு வாங்கி ஒரு துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். விமான நிலையத்தில் அது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்று அப்போது யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை. குகநேசன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு தாமாகவே வாசலுக்கு வந்தார். கழுவி வெயிலில் விட்டும் காரில் வெங்காய மணம் போகவில்லை. "என்ரை சீற்றை நாறடிச்சுப்போட்டியள்" என்று குறைப்பட்டுக்கொண்டே முன்னால் ஏறி பெல்ட்டை மாட்டினார். நான் பின்னால்.

வைரவர் கோயில் தெரிந்ததும் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். ரேடியோவை அவரே அணைத்தார். சுகந்தி வேகத்தைக் குறைக்கவில்லை. கார் வலப்பக்கம் வளைந்தது, வளைந்துகொண்டே போனது. அவர் கண்ணை மூடவில்லை. வளைவு முடிந்து சாலை நேரானது. டயர் ஓடுகிற சத்தத்தைத் தவிர ஒன்றுமே இல்லை.

பின்புறம் பார்க்கிற கண்ணாடியில் சுகந்தியின் முகம் எனக்குத் தெரிந்தது. கண்ணீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது. துடைத்தால் அவர் பார்த்துவிடுவார் என்று துடைக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பவே இல்லை. சாலையைப் பார்த்தபடியே, தம் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டார்.

"வெங்காய மணம் இன்னும் போகேல்லை, என்ன?"

"ஓம்" என்றாள் சுகந்தி. "கண் எரியுது."